ஒரு மில்லி பால்! குறைமாதக் குழந்தைக்கு எப்போது கொடுப்பது?

ஒரு மில்லி பால். சொட்டு சொட்டாக எண்ணினால் சுமார் 20 சொட்டு. டீ ஸ்பூனில் விட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

28 வாரத்திலேயே பிறந்துவிட்ட ஒரு கிலோ குழந்தைக்கு, தீவிர சிகிச்சை வார்டில் ஒரு வேளை சாப்பாடு அவ்வளவுதான். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாள் முழுவதும் சேர்த்தாலும் 12 மில்லி.

இந்த ஒரு மில்லியை எப்போது தொடங்குவது? பிறந்த அன்றேவா? 2 நாள் பொறுத்தா? ஒரு வாரம் கழித்தா?

சின்னக் கேள்விதான். ஆனால் இதற்கு டாக்டர்கள் சொன்ன பதில் பலமுறை மாறிவிட்டது. பதில் தப்பாக இருந்த காலங்களில் குழந்தைகள் நாள் கணக்கில் பட்டினி கிடந்தன.

இன்றைய பதில் இது: முதல் நாளே தொடங்க வேண்டும். தாய்ப்பாலில் தொடங்க வேண்டும். கொஞ்சமாகத் தொடங்க வேண்டும்.

வாசலில் பாட்டி

எழும்பூர், திருவல்லிக்கேணி, ராயபுரம் என்று சென்னையில் எந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாலும் ஒரு கூட்டம் காத்திருக்கும். கையில் கூடை, பிளாஸ்க், துணிப்பை. பாட்டி, சித்தி, மாமா என்று ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

தாய் ஒரு வார்டில். குழந்தை கண்ணாடிப் பெட்டியில். உள்ளே போகிற நர்சைப் பார்த்தால் முதல் கேள்வியே இதுதான்: "பிள்ளைக்குப் பால் கொடுத்தீங்களாம்மா?"

"ஒரு மில்லி கொடுத்திருக்கோம்" என்று பதில் வந்தால் பாட்டிக்குக் கோபம் வந்துவிடும். "ஒரு மில்லியா? பூனைக்குட்டிக்குக்கூடப் பத்தாதே! பிள்ளை பசியிலே துடிக்காதா?"

பாட்டி சொல்வதில் தப்பில்லை. ஆனால், அந்தக் குழந்தை பசியால் துடித்துவிடாமல் நரம்பு வழியாக சர்க்கரைத் தண்ணீரும் சத்து மருந்தும் ஏறிக்கொண்டிருக்கின்றன. டாக்டரின் கவலை வயிறு அல்ல, குடல்.

அழுகும் குடல்

37 வாரம் நிரம்பாமல் பிறக்கும் குழந்தைதான் குறைமாதக் குழந்தை. அதிலும் 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், ஒன்றரை கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் பாடுதான் பெரும்பாடு. நுரையீரல் முற்றவில்லை. மூளையின் ரத்தக் குழாய்கள் முற்றவில்லை. குடலும் முற்றவில்லை. ஈரக் காகிதம் மாதிரி மெல்லிய சுவர்.

இந்தக் குழந்தைகளுக்கு வரும் பயங்கர வியாதி ஒன்று உண்டு. டாக்டர்கள் சுருக்கமாக "நெக்" என்பார்கள். குடல் சுவர் வீங்கும், புண்ணாகும், அழுகும். முற்றினால் ஓட்டை விழும்.

காலையில் நன்றாக இருந்த குழந்தை மாலையில் துவண்டு போகும். வயிறு பானை மாதிரி உப்பும். பச்சையாக வாந்தி எடுக்கும். மலத்தில் ரத்தம் தெரியும். சில குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க நேரிடும். ஆபரேஷன் செய்தும் பிழைக்காத குழந்தைகள் உண்டு.

இந்த வியாதி வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் அதற்கு முன் பால் குடிக்கத் தொடங்கியவர்கள். அதனால் பழி பாலின் மேல் விழுந்தது. "பாலைத் தள்ளிப்போட்டால் வியாதியும் வராது" என்று டாக்டர்கள் நினைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த நியாயத்துக்குக் குழந்தைகள் கொடுத்த விலை பிறகுதான் தெரிந்தது.

பட்டினி போட்ட காலம்

பட்டினி போடுவது அதற்கு முன்பும் இருந்த பழக்கம்தான். 1940, 1950-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குறைமாதக் குழந்தை பிறந்தால் ஒரு நாள், 2 நாள், சில இடங்களில் 3 நாள் வரை வாயில் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். அப்போது அவர்கள் பயந்தது குடலுக்காக அல்ல. பால் மேலே ஏறி, மூச்சுக் குழாயில் இறங்கி, குழந்தை திணறிச் செத்துவிடுமே என்று பயந்தார்கள்.

நரம்பு வழியாக சத்து ஏற்றும் வசதி அப்போது கிடையாது. ஆக, உண்மையாகவே பட்டினி. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. மஞ்சள் காமாலை ஏறியது. உடம்பு வற்றியது.

இந்தப் பழக்கத்தை எதிர்த்து நின்றவர்கள் 2 பெண் டாக்டர்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தைச் சேர்ந்த விக்டோரியா ஸ்மால்பீஸ், பமீலா டேவிஸ். ஒரு கிலோ முதல் 2 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கு, பிறந்த 2 மணி நேரத்துக்குள் மெல்லிய குழாய் வழியாகப் பால் கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவும் தண்ணீர் கலக்காத தாய்ப்பால்.

குழந்தைகள் திணறவில்லை. காமாலையும், சர்க்கரை இறங்குவதும் குறைந்தன. 1964-ம் ஆண்டு "லான்செட்" மருத்துவப் பத்திரிகையில் இதை எழுதினார்கள். பட்டினிப் பழக்கம் ஆட்டம் கண்டது.

மறுபடியும் பட்டினி!

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

1968-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இருந்து இன்னொரு செய்தி வந்தது. டட்ரிக், வில்மோர் என்ற டாக்டர்கள், குடல் வேலை செய்யாத ஒரு கைக்குழந்தையை ரத்தக் குழாய் வழியாகவே சத்து ஏற்றி வளர்த்துக் காட்டினார்கள். புரதம், சர்க்கரை எல்லாம் நேராக ரத்தத்தில். வாயே தேவையில்லை!

பெரிய சாதனைதான். எத்தனையோ குழந்தைகள் இதனால் பிழைத்தன, இன்றும் பிழைக்கின்றன. ஆனால் கூடவே ஒரு வசதியும் வந்துவிட்டது. பால் கொடுக்காமலே குழந்தையை வைத்திருக்கலாம்.

அதே காலத்தில் மூச்சுக் கருவிகள் நன்றாகி, முன்பு பிழைக்காத சின்னக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குத்தான் குடல் அழுகும் வியாதி அதிகம். டாக்டர்கள் மறுபடியும் பயந்தார்கள். "வாயில் ஒன்றும் வேண்டாம்" என்று சீட்டில் எழுதினார்கள். ஒரு வாரம், சில இடங்களில் 2 வாரம் கூட.

சும்மா இருந்த குடல் என்ன ஆகும்? கட்டுப் போட்டுப் பல நாள் அசையாமல் வைத்த கை சூம்பிப்போகிற மாதிரிதான். உட்சுவர் மெலியும். ஜீரண நீர் சுரப்பது குறையும். கிருமி உள்ளே நுழையும் வழி அகலும்.

நரம்பில் மாட்டிய ஊசியும் சும்மா இருப்பதில்லை. அது இருக்கும் ஒவ்வொரு நாளும் ரத்தத்தில் கிருமி ஏற ஒரு வழி. பல நாள் நரம்பு வழியாகவே சத்து ஏற்றினால் ஈரல் கெட்டு, பித்தம் தேங்கி, காமாலை வரும்.

இதில் எல்லோரும் மறந்த விஷயம் ஒன்று உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும்போது கருவின் குடல் சும்மா இருப்பதில்லை. நாலாவது மாதத்திலேயே சிசு பனிக்குடத் தண்ணீரை விழுங்கத் தொடங்கிவிடும். நிறைமாதம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு அரை லிட்டர் வாக்கில் விழுங்கும். விழுங்கி விழுங்கித்தான் குடல் வளர்கிறது. குழந்தை முன்கூட்டியே வெளியே வந்துவிட்டது என்பதற்காக அந்த வேலையை அடியோடு நிறுத்திவிட்டால்?

டாப்ளர் குழந்தைகள்

சந்தேகம் அதிகமாக இருந்தது ஒரு வகைக் குழந்தைகள் விஷயத்தில்தான். கர்ப்பத்தில் "டாப்ளர்" ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்போது, நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் சரியில்லை என்று தெரியும். தாய்க்கு பிரஷர் இருந்தால் இது சகஜம். சிசு வளராது. வேறு வழியில்லாமல் முன்னதாகவே சிசேரியன் செய்து எடுத்துவிடுவார்கள்.

வயிற்றில் இருக்கும்போதே ரத்தம் குறைந்து போன குடல் இது. இந்தக் குழந்தைகளுக்கு முதல் நாட்களில் பாலே கூடாது என்பது பல டாக்டர்களின் உறுதியான எண்ணம்.

இதைத் தீர்த்து வைக்க இங்கிலாந்து, அயர்லாந்து பகுதிகளில் 54 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து சோதனை நடத்தின. இப்படிப்பட்ட 404 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு 2-வது நாளில் பால். மறு பாதிக்கு 6-வது நாளில் பால். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி.

முடிவு 2012-ல் வெளியானது. 2-வது நாள் தொடங்கிய குழந்தைகள் 18 நாள் வாக்கில் முழுப் பாலுக்கு வந்துவிட்டார்கள். 6-வது நாள் தொடங்கியவர்களுக்கு 21 நாள் ஆனது. ஊசி வழி சத்து ஏற்றிய நாட்களும், ஈரல் காமாலையும் முதல் கூட்டத்தில் குறைவு.

சரி, குடல் அழுகும் வியாதி? இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! தள்ளிப்போட்டதால் குழந்தைகளுக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. நாட்கள்தான் போயின.

எவ்வளவு வேகம்?

தொடங்கியாகிவிட்டது. எவ்வளவு வேகமாகக் கூட்டுவது? இதற்கும் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2,804 குழந்தைகள். ஒரு கூட்டத்துக்கு எடையில் கிலோவுக்கு 30 மில்லி வீதம் தினமும் பால் கூட்டப்பட்டது. இன்னொரு கூட்டத்துக்கு 18 மில்லி.

வேகமாகக் கூட்டியவர்கள் 7 நாளில் முழுப் பாலுக்கு வந்தார்கள். மெதுவாகக் கூட்டியவர்களுக்கு 10 நாள். இதிலும் குடல் வியாதி ஏறக்குறைய சமம். 2 வயதில் பரிசோதித்துப் பார்த்தபோதும் இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. 2019-ல் இந்த முடிவு வந்தது.

முழுப் பால் என்றால் கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி. ஒரு மில்லியில் தொடங்கிய அதே குழந்தை ஒரு வாரம், பத்து நாளில் ஒரு வேளைக்கு 12 மில்லி தாண்டிக் குடிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் குறைமாதக் குழந்தைகளுக்கான யோசனைகளை வெளியிட்டது. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள் உட்பட எல்லாக் குழந்தைகளுக்கும், முடிந்தவரை சீக்கிரமாக, முதல் நாளிலேயே பால் தொடங்கலாம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. தினமும் கிலோவுக்கு 30 மில்லி வரை கூட்டலாம் என்றும் இருக்கிறது.

யாருக்குக் கூடாது?

எல்லாக் குழந்தைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. பிறவியிலேயே குடல் அடைப்பு இருந்தால் கூடாது. பச்சை வாந்தி எடுத்தாலோ, வயிறு கல் மாதிரி இறுகினாலோ கூடாது. ரத்த அழுத்தம் விழுந்து, அதைத் தூக்கி நிறுத்த மருந்து ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் பொறுத்துத்தான் தொடங்குவார்கள்.

ஆனால் மூச்சுக் கருவியில் இருக்கிறது என்பது மட்டும் பாலை நிறுத்தக் காரணம் ஆகாது. இது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. "மிஷின் வெச்சிருக்கிற பிள்ளைக்கு எப்படிங்க பாலு?" என்று பதறுகிறார்கள். பால் போவது வாய் வழியாக வயிற்றுக்குள் விட்ட தனிக் குழாயில். மூச்சு போகும் பாதை வேறு.

முன்பெல்லாம் ஒவ்வொரு வேளைக்கு முன்னும் வயிற்றில் பழைய பால் மிச்சம் இருக்கிறதா என்று சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்ப்பார்கள். கொஞ்சம் இருந்தாலும் அடுத்த வேளை ரத்து. இப்போது பல வார்டுகளில் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். வயிறு உப்பியிருக்கிறதா, வாந்தி வருகிறதா, குழந்தை துவள்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

எந்தப் பால்?

எப்போது என்பதைவிட, எந்தப் பால் என்பது ஒரு படி மேலே முக்கியம்.

1990-ல் இங்கிலாந்து டாக்டர்கள் லூக்காஸ், கோல் இருவரும் 926 குறைமாதக் குழந்தைகளின் கணக்கைப் பார்த்தார்கள். டப்பா பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்குக் குடல் அழுகும் வியாதி வந்தது, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைப்போல 6 முதல் 10 மடங்கு!

குறைமாதத்தில் பெற்ற தாய்க்குச் சுரக்கும் பாலும் தனி ரகம். நிறைமாதத் தாயின் பாலைவிட அதில் புரதம் அதிகம். நோய் எதிர்ப்புச் சக்தியும் அதிகம். முதல் 2, 3 நாள் மஞ்சளாக, கெட்டியாக வரும் சீம்பாலைச் சிலர் இன்னும் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கீழே ஊற்றிவிடுகிறார்கள். அந்தப் பால்தான் வார்டில் தங்கத்துக்குச் சமம்.

ஆனால் எவ்வளவு வரும்? முதல் நாள் சில சொட்டு. அதிகம் போனால் சில மில்லி. "எனக்குப் பாலே இல்லை" என்று தாய் அழுவாள். குழந்தைக்கு வேண்டியதே ஒரு மில்லிதானே! சரியாகப் போய்விடும்.

பிரசவம் ஆன சில மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். சிசேரியன் வலி இருந்தாலும் படுத்தபடியே நர்சு உதவியோடு எடுக்கலாம். 24 மணி நேரத்தில் 8 தடவைக்குக் குறையக் கூடாது. இரவிலும் எடுக்க வேண்டும். 2 நாள் சும்மா விட்டுவிட்டுப் பிறகு தொடங்கினால் பால் ஊறுவது பின்தங்கிவிடும். முதல் நாளே கொடுக்கலாம் என்று டாக்டர் தயாராக இருந்தாலும் பால் வந்தால்தானே கொடுப்பார்?

பால் தூக்கும் அப்பாக்கள்

பெரிய சிக்கல் எங்கே வருகிறது என்றால், தாய் ஒரு ஆஸ்பத்திரி, குழந்தை வேறு ஆஸ்பத்திரி என்று ஆகும்போதுதான். பிரசவம் ஒரு இடத்தில் நடக்கும். குழந்தையை 108 ஆம்புலன்சில் வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். தையல் போட்ட தாய் எழுந்திருக்க முடியாது.

அப்போது அப்பாக்கள்தான் பால்காரர்கள். சுத்தமான மூடி போட்ட பாத்திரம். அதைச் சுற்றி ஐஸ் வைத்த பை. பஸ்சிலோ, ஆட்டோவிலோ, பைக்கிலோ ஓடுகிறார்கள். பாத்திரத்தின் மேல் தாயின் பெயரும், எடுத்த நேரமும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். சென்னை வெயிலில் வெறும் டம்ளரில் ஒரு மணி நேரம் கொண்டுவந்தால் வார்டில் வாங்க யோசிப்பார்கள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைவிட இந்த ஓட்டம் குழந்தைக்கு ஆயிரம் மடங்கு உபயோகம்.

தாய்க்குப் பால் வரவில்லை, அல்லது தாய் நினைவில்லாமல் கிடக்கிறாள் என்றால், அடுத்தது தாய்ப்பால் வங்கி. மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய வங்கிதான் இந்தியாவில் முதல். இன்று தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலும் இந்த வங்கிகள் இருக்கின்றன.

பால் தரும் தாய்மார்களுக்கு எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய் உண்டா என்று ரத்தப் பரிசோதனை நடக்கும். வாங்கிய பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து, குளிரவைத்து, கிருமி இல்லை என்று பார்த்த பிறகே கொடுப்பார்கள். பக்கத்துக் கட்டில் தாயிடம் நேராக வாங்கி ஊட்டுவது வேறு, இது வேறு.

சேனையும் கழுதைப் பாலும்

இன்னொரு ஆபத்து வீட்டில் இருந்தே வருகிறது. அன்பினால் வருகிறது.

"குடும்பத்துப் பெரியவர் சேனை வைக்கணும்" என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டுக்கொண்டு வருவார்கள். நிறைமாதக் குழந்தைக்கே தேன் கூடாது. அதில் இருக்கும் ஒருவகைக் கிருமி விஷம் கக்கும். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குழந்தைக்கு அழுக்கு விரல் ஒன்றே போதும்.

தெருவில் கழுதையோடு வந்து "கழுதைப் பால்" என்று கூவுகிறவரிடம் ஒரு சங்கு வாங்கி ஊற்றினால் நோய் அண்டாது என்பதும் நம்முடைய பழைய நம்பிக்கை. காய்ச்சாத மிருகப் பால் அது. பிஞ்சுக் குடலுக்கு எமன். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபிறகு இதைச் செய்து, மறுபடியும் வார்டுக்குத் தூக்கி ஓட வேண்டாம்.

நெஞ்சோடு நெஞ்சு

தாய்க்குப் பால் ஊற ஒரு சுலபமான வழி, குழந்தையை வெறும் மார்பில் போட்டு அணைத்துக்கொள்வது. கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை. கங்காரு மாதிரி என்பதால் அதே பெயர்.

முன்பு குழந்தை நன்றாகத் தேறிய பிறகே இதை அனுமதித்தார்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில், ஒரு கிலோவில் இருந்து 1,800 கிராமுக்குள் உள்ள 3,211 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். பிறந்த உடனேயே கங்காரு அணைப்புத் தொடங்கிய கூட்டத்தில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 12. பழைய முறைப்படி காத்திருந்து தொடங்கிய கூட்டத்தில் 100-க்கு சுமார் 16. இது 2021-ல் வெளிவந்த கணக்கு. தாயால் முடியாதபோது அப்பாவோ, பாட்டியோ கூட அணைத்துக்கொள்ளலாம்.

குழாயில் இருந்து பாலாடைக்கு

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது: மூன்றும் ஒன்றுக்கொன்று முட்டாமல் நடக்க 34 வாரம் ஆக வேண்டும். அதனால்தான் 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்குப் பல வாரம் குழாய். 32 வாரம் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாக வாயால்.

அப்போது வார்டில் எடுப்பது நம் வீட்டுப் பாலாடைதான். வெளிநாட்டில் சின்னக் கிண்ணம் வைத்துக் கொடுக்கிறார்கள். இந்திய வார்டுகளில் பாலாடை நிலைத்துவிட்டது. மருத்துவப் புத்தகங்களில்கூட அதே பெயரில் ஏறிவிட்டது. பாட்டில், ரப்பர் நிப்பிள் கூடாது. கழுவுவது கஷ்டம், கிருமி சேரும்.

பாட்டிகளுக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான். இருந்தாலும் நர்சுகள் மறுபடியும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நீட்டிய கால்களின் மேல் மல்லாக்கப் போட்டு மடமடவென்று ஊற்றக் கூடாது. மடியில் தலையைச் சற்றுத் தூக்கி வைக்க வேண்டும். பாலாடையின் மூக்கை உதட்டு ஓரத்தில் வைத்து ஒரு சொட்டு. குழந்தை அதை விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு.